போன வருஷத்து மேளம்

ஹர்கமான் காலையில் எழுந்ததும் பன்றிக்குத் தவிடு கரைத்து வைப்பான். அடுப்பை மூட்டிப் பழைய சோற்றைச் சூடாக்குவான். சுவரில் தொங்கும் மேளத்தை இறக்கி, அதன் இரண்டு தோலையும் அனலில் காட்டி, முற்றத்தில் ஒரு மணையின் மேல் கிடத்துவான். அடிக்கமாட்டான். பக்கத்தில் குந்திச் சோற்றைத் தின்றுகொண்டிருப்பான். வெயில் மூங்கில் வேலியைத் தாண்டும் நேரத்துக்கு மேளம் தானாக முழங்கத் தொடங்கும். அது போன வருஷம் இதே நாள் காலையில் அவன் அடித்த அடி. நடுநடுவே அவன் மனைவி சோமாரியின் குரலும் அதிலிருந்து வரும். "அரிசிப் பானைக்குள்ள கோழி தலைய விடுது, என்னன்னு பாரு" என்பாள். அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பான். பானை மூடியிருக்கும். அந்தக் கோழியை அடித்துக் குழம்பு வைத்து மாதக்கணக்காகிறது. சோமாரியைப் புதைத்தது அதற்கும் முன்னால்.

சிமல்பாரியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேளத்தில் சத்தம் பிந்தி வருவது அந்தத் தீமால் இனத்தவர் ஊருக்கு இரண்டு தலைமுறைப் பழக்கம். ஹர்கமானின் அப்பா காலத்தில் ரதுவா ஆறு ஒரு வெள்ளத்தில் பெரிய பலாமரத்தைக் கொண்டுவந்து இவர்கள் கரையில் ஒதுக்கியது. அதைக் குடைந்து அவர் மேளம் செய்தார். முதல் ஜாத்ரித் திருவிழாவிலேயே, அடி விழுந்து ஒரு மூச்சு விட்டபிறகுதான் சத்தம் வந்தது. பச்சை மரம், காய்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். காயக் காய இன்னும் பிந்தியது. சில வருஷத்தில் அவர் அடித்து முடித்து, மேளத்தைக் கீழே வைத்து, ஒரு கிண்ணம் அரிசிக்கள் குடித்து வாயைத் துடைத்தபிறகு சத்தம் வந்தது. அவர் சாகும்போது இன்று அடித்தது நாளைக்குக் கேட்டது. அவரைப் புதைத்துவிட்டுத் திரும்பியவர்களை அவர் மேளமே வரவேற்றது. ஹர்கமான் டமக்கில் கல்லூரி படித்த காலத்தில் அது ஒரு மாதம், ஒரு பருவம் என்று நழுவிக்கொண்டே போனது. அவன் பட்டம் வாங்கி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்து சேர்ந்தபோது முழு வருஷத்தைத் தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது. ஊருக்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஜாத்ரி வருஷத்துக்கு ஒருமுறை வருவதுதானே.

அடிக்கும்போது அந்த மேளம் தலையணையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். அடிபடுகிற நேரத்தில் தோல் திறந்திருக்கிறது, பக்கத்தில் யார் பேசினாலும் அதையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது என்று ஊரில் கண்டுபிடித்தார்கள். தன் வாயிலிருந்து வருவதை மட்டும் அது மறுபடி வாங்காது. ஆகவே எதுவும் ஒருமுறைதான் கேட்கும், அதோடு போயிற்று. செல்போனில் பிடிக்கப் பார்த்தவர்களுக்கு ஆற்றுச் சத்தம்தான் கிடைத்தது. ஹர்கமான் படித்தவன் என்பதால் காரணம் கேட்டார்கள். தெரியவில்லை என்றான். இவ்வளவு படித்தும் தெரியவில்லை என்றால் காரணம் இல்லை என்றுதான் அர்த்தம் என்று விட்டுவிட்டார்கள்.

மற்ற ஊர்களில் ஜாத்ரிக்கு நாள் குறிப்பார்கள். சிமல்பாரியில் அசார் மாதத்தின் அதே நாள்தான், மாற்றமுடியாது. ஒருமுறை மழைக்குப் பயந்து ஊர்த்தலைவர் நந்தலால் ஜாத்ரியைத் தள்ளிவைத்தார். பெண்கள் கறுப்புப் போனாத் துணியை நெஞ்சுக்குமேல் இறுகக் கட்டி, கைகோத்து வரிசையாக நின்றார்கள். மேளத்திலிருந்து ஜாத்ரி அடி வரவில்லை. போன வருஷம் அந்த நாளில் ஹர்கமான் வீட்டில் சும்மா பழகிய அடி வந்தது. கூடவே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலைவரின் மகள் ஒரு பையனிடம் சொன்னதும் வந்தது. "எங்கப்பன் சோளக்கொல்லப் பொம்ம மாதிரி, பாக்கத்தான் பயம். நீ பின்பக்கமா வா." ஊர் முழுக்கக் கேட்டது. நந்தலால் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். அடுத்த வாரம் கல்யாணம் ஆயிற்று. அதற்குப்பிறகு அவர் நாளை மாற்றுகிற பேச்சை எடுக்கவில்லை. ஊரில் அவருக்குப் பொம்மைத் தலைவர் என்று பெயர் மட்டும் நிலைத்தது.

ஜாத்ரி நடக்கிற முறை இப்படி. சாமித் திடலில் பூசாரியான தாமி பூசையை முடித்து, புறாவையும் கோழியையும் கொடுத்தபிறகு, ஹர்கமான் மேளத்தைக் கழுத்தில் மாட்டுவான். போன ஜாத்ரியில் அவன் அடித்தது முழங்கத் தொடங்கும். பெண்கள் அதற்கு ஆடுவார்கள். அதே நேரத்தில் அவன் கை அடுத்த ஜாத்ரிக்கான அடியைச் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் மேளக்காரனைப் பார்த்துக்கொண்டே ஆடினால் தலைசுற்றி விழுவார்கள். உள்ளூர்ப் பெண்கள் அவன் பக்கம் திரும்பமாட்டார்கள்.

சோமாரி ஆற்றின் மேற்பக்கம் இருக்கிற ககர்பாரியிலிருந்து வந்தவள். விருந்தாளி வரிசையில் ஆட வந்தவள் வரிசையை விட்டு விலகி ஹர்கமானின் எதிரே வந்து நின்று அவன் கையையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏ வாத்தியாரே, உன் கை ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் போகுது. ரெண்டுல எது நீ?"

"கை இந்த வருஷம். சத்தம் போன வருஷம்."

"அப்ப இப்ப அடிக்கிறத நான் எப்பக் கேக்குறது?"

"அடுத்த ஜாத்ரிக்கு வா."

"அதுவரைக்கும் யாரு நடக்குறது" என்றாள். அன்று சாயங்காலம் ககர்பாரிக்காரர்கள் திரும்பிப் போனபோது அவள் போகவில்லை. ஹர்கமான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பை ஊதினாள். அவளுடைய அண்ணன் பதிராம் ஆட்களோடு கம்பு எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பன்றியும் சில ஜாடி அரிசிக்கள்ளுமாகப் பேசி முடித்து, கம்பை மறந்துவிட்டுப் போனார். போகும்போது மேளத்தைத் தட்டிப் பார்த்து, இந்த மரம் எங்கள் ஊர்க் கரையில் நின்றது, உங்களுக்குத் தெரியுமல்லவா என்றார். தெரியும் என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள், பதிராமைத் தவிர.

சத்தமில்லாத அடியைக் கண்ணால் கேட்கத் தெரிந்தவள் அந்தப் பகுதியில் சோமாரி ஒருத்திதான். காலையில் ஹர்கமான் முற்றத்தில் பழகும்போது எதிரே நின்று அவன் விரலைப் பார்த்துக் காலை எடுத்துவைப்பாள். காதில் போன வருஷத்து அடி, காலில் அடுத்த வருஷத்து ஆட்டம். வருஷம் முழுக்க அதைப் பக்கத்து வீட்டு பைசாகிக்கும் மற்றப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுப்பாள். ஆகவே ஜாத்ரியில் சத்தம் வரும்போது அவர்களுடைய கால் அதற்காக ஏற்கெனவே காத்திருக்கும். அப்படி ஒரு வரிசையை யாரும் பார்த்ததில்லை. மேச்சி ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஆள் வந்தது. சைக்கிளிலும் டிராக்டரிலும் வந்து, ஆட்டம் தொடங்கியதும் நின்ற இடத்திலேயே குதிக்கத் தொடங்கினார்கள். அவள் காலில் கிளம்பிய புழுதி அடுத்த ஜாத்ரியில்தான் படிந்தது என்று பைசாகி சொல்வாள். அது மிகை.

சோமாரி ஒரு ஜாத்ரி நாள் காலையில் இறந்தாள். ஹர்கமான் முற்றத்தில் கை பழக்கிக்கொண்டிருந்தான். அந்த முறை புதிதாக ஒரு எடுப்பு கட்டியிருந்தான், மூன்றாம் சுற்றில் ஒரு இடம் கைக்கு வரவில்லை, மனதுக்குள் எண்ணிக்கொண்டே அடித்தான். அவள் புதுப் போனாவில் எதிரே நின்று ஆடிப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். அவன் எண்ணிக்கையை விடாமல் தலையாட்டினான். அவள் ஆற்றுப் பக்கம் போனாள். வானத்தில் மேகமே இல்லை. மேலே மலையில் பெய்த மழை வெயிலோடு வெயிலாக ரதுவாவில் வந்தது. அவளைக் கீழே மணல்திட்டில் கண்டெடுத்தார்கள். ஜாத்ரி நின்றது. ஏற்கெனவே உள்ளே போயிருந்த முந்தின வருஷத்து அடியை யாரும் நிறுத்த முடியாததால், சாமித் திடலில் மேளம் பகல் முழுக்கத் தன்பாட்டுக்கு முழங்கியது. யாரும் ஆடவில்லை. மேளத்தின் பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

அதற்குப்பிறகு ஹர்கமான் மேளத்தை அடிக்கவில்லை. ஆனால் அதற்குள் அவள் உயிரோடு இருந்த ஒரு வருஷத்துக் காலைகள் பாக்கியிருந்தன. அவை தினம் ஒன்றாக வெளியே வந்தன. அவள் சொன்னதையெல்லாம் அவன் செய்தான். கூரை ஒழுகுது என்றாள். போன வருஷமே அடைத்த இடத்தில் இன்னொரு கட்டுப் புல்லை வைத்துக் கட்டினான். உப்பு தீர்ந்துபோச்சு என்றாள், வாங்கி வந்தான். போன வருஷத்து உப்பும் இந்த வருஷத்து உப்பும் சேர்ந்து மூலையில் குவிந்தன. கடைக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"வாத்தியாரே, உப்புல வீடு கட்டுறீங்களா?"

"வீட்ல சொன்னாங்க" என்றான் ஹர்கமான்.

கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

காலையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் தட்டோடு வந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். சோமாரிக்கு வாய் அதிகம். அவள் போன வருஷம் சொன்ன ஊர்க்கதைகள் வெளியே வர, தீர்ந்துபோன சண்டைகள் மறுபடி மூண்டு மறுபடி தீர்ந்தன. ஒருத்தி தன்னைப் பற்றி சோமாரி சொன்னதைக் கேட்டு மேளத்தைப் பார்த்து, "நீ மட்டும் ரொம்ப யோக்கியமா, என் வலையைக் கிழிச்சவ யாரு" என்று திட்டினாள். மேளம் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை சொன்னது. "அவ வலைய நான்தான்யா கிழிச்சேன், சொல்லிராத." திட்டியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு நாளைக்கும் வருகிறேன் என்று போனாள்.

அடுத்த ஜாத்ரி நெருங்க நெருங்க ஊருக்கு ஒரு விஷயம் உறைத்தது. போன ஜாத்ரியில் ஹர்கமான் அடித்தது அந்தக் காலைப் பழக்கம் மட்டும்தான். ஆகவே இந்த ஜாத்ரிக்கு அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும், அதன் கடைசியில் சோமாரியின் கடைசிப் பேச்சு வரும், அதோடு மேளம் காலி. அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாமி, அவள் சாமியின் பெயரைச் சொன்னாள் என்றார். நந்தலால், என்ன நடந்தாலும் ஜாத்ரியை நிறுத்தக்கூடாது என்று சொன்னாள் என்றார். வரிசையில் தன் இடத்தை எனக்குத்தான் கொடுத்தாள் என்றாள் பைசாகி. பதிராம் ககர்பாரியிலிருந்து ஆட்களோடு வந்து உட்கார்ந்து, அன்று காலை நான் வேலியோரம் நின்றேன், மேளம் பிறந்த வீட்டுக்குப் போகட்டும் என்று தங்கச்சி தன் வாயால் சொன்னாள் என்றார். இந்த முறை கம்பு கொண்டுவரவில்லை. மேளத்தைக் கட்டிக்கொண்டு போகக் கயிறு கொண்டுவந்திருந்தார்.

"நீதான் அடிக்கிறதே இல்லையே மாப்ள. உனக்கு எதுக்கு?"

"காலைல கேக்குறேன் மச்சான்."

"கேட்டுக்கிட்டே இரு. காலியானப்புறம் எதக் கேப்ப, பலாக்கொட்டையையா?"

பதிராம் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் ஹர்கமானுக்கு மேளத்தைப் பற்றிக் கவலை இல்லை, மரத்தைப் பற்றியும் இல்லை. அவள் தன்னிடம் பேசியபோது தான் எண்ணிக்கொண்டிருந்தது மட்டும்தான் அவனுக்கு நினைவு. அந்த வார்த்தைகள் அந்தத் தோலுக்குள் இருந்தன. அவை வெளியே வந்துவிட்டால் அதற்குமேல் அவள் சொல்ல வேறொன்றும் மிச்சம் இருக்காது.

தலைவர் நந்தலால் தீர்ப்பை எளிதாகச் சொல்லிவிட்டார். மேளமே சாட்சி. ஜாத்ரி நாள் காலையில் எல்லோர் முன்னாலும் கேட்போம், அவள் யாருக்குச் சொன்னாளோ அவர்களுக்கு. ஆட்டமும் அப்போதே, காலையிலேயே. இருக்கிற கொஞ்சத்துக்கு ஆடியாகவேண்டும், தாமி அதற்குள் பூசையை முடித்துவிட வேண்டும். இந்தச் செய்தி ஆற்றின் இரண்டு கரையிலும் பரவியது. ஒரு மேளம் பஞ்சாயத்தில் சாட்சி சொல்லப்போகிறது என்றால் யார் வீட்டில் இருப்பார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் கள் ஜாடி நுரைத்தது. சிறுவர்கள் வயலில் நத்தை பொறுக்கிக் கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். கிழவர்கள் சேவலைப் பந்தயம் வைத்தார்கள்: சாமியின் பெயருக்கு ஒரு சேவல், பதிராமுக்கு இரண்டு. துஞ்ஜாய் வாசிக்கிறவர்கள் நரம்பை மாற்றினார்கள். பெண்கள் ஒரு வருஷமாகப் பெட்டியில் கிடந்த போனாக்களை வெயிலில் போட, ஊர் முழுக்கக் கறுப்பும் சிவப்புமாகப் பறந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சில் தாளம் போட்டார்கள். ஹர்கமான் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றான், அடக்கவில்லை.

ஜாத்ரிக்கு முதல்நாள் மத்தியானம் அவன் மேளத்தை இறக்கினான். தீமால்களில் செத்தவர்களின் துணிமணியைக் குழிமேட்டிலேயே வைத்துவிடுவார்கள். சோமாரியின் எல்லாமும் அங்கே போயிருந்தது, தறியில் பாதி நெய்து நின்ற ஒரு போனாவைத் தவிர. முடிக்காததைத் துணி என்று சொல்லமுடியாது, ஆகவே அது அவளுடையது என்றும் சொல்லமுடியாது என்று அதை விட்டுவைத்திருந்தார்கள். அவன் அதைத் தறியிலிருந்து அறுத்தெடுத்து மேளத்தைச் சுற்றினான். அதன்மேல் கம்பளி. அதன்மேல் சாக்கு. நெல் குதிருக்குள் இறக்கி, மேலே நெல்லைத் தள்ளினான். அதன்மேல் மூலையில் கிடந்த உப்புப் பொட்டலங்களையெல்லாம் அடுக்கினான். சத்தம் அதற்குள்ளேயே கிடக்கட்டும் என்பது எண்ணம். கிடக்குமா என்று தெரியாது. பைசாகி அப்போதுதான் வந்தாள். அவள் அவனுக்கு அண்ணி முறை, கேலி பேசுகிற உறவு. நெல் குதிரைப் பார்த்தாள், உப்பைப் பார்த்தாள்.

"என்ன கொழுந்தனாரே, மேளத்துக்கு ஊறுகாயா போடுறீங்க?"

அவன் குதிர்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு அதக் கேட்டுட்டா முடிஞ்சுது அண்ணி."

"கேக்காட்டி மட்டும் திரும்பி வந்துருவாளா?"

"அப்படியே இருக்கும்."

பைசாகி நெல்லில் கையை விட்டு அளைந்தாள்.

"உங்களுக்குத்தான் அவ பொண்டாட்டி. எங்களுக்கு வரிசையில முதல் ஆளு. வருஷம் முழுக்க நான் இந்தப் பக்கம் யார் கையையும் பிடிக்காம ஒத்தக்கையோட ஆடிப் பழகிட்டு இருக்கேன். அவ என்ன சொன்னான்னு கேக்க எனக்கும் பாத்தியதை இருக்கு. எடுங்க." பிறகு, "எனக்கு எடம் குடுத்தான்னு சொன்னது பொய். அதுக்கும் சேத்துக் கேக்கணும்" என்றாள்.

அவன் உப்பை இறக்கினான். இருவருமாகத் தோண்டி எடுத்தார்கள். பைசாகி அந்தப் பாதிப் போனாவில் ஒட்டிய நெல்லை உதறி, தன் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் விடிந்ததும் சாமித் திடல் கொள்ளவில்லை. மரத்தின் மேலும் ஆட்கள். மேச்சிக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் முந்தின நாளே வந்து வைக்கோல்போரில் படுத்துவிட்டார்கள். தாமி வழக்கமாக இழுத்து இழுத்துச் சொல்வதை ஒரே மூச்சில் சொல்லி, கோழியின் கழுத்தைத் திருகிவிட்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். பெண்கள் கைகோத்து நின்றார்கள். முதல் இடத்தில் யாரும் இல்லை. பைசாகியின் இடதுகையில் பாதிப் போனாவின் ஒரு நுனி இருந்தது, மறுநுனி தரையில் தொங்கியது. ஹர்கமான் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு கையை முட்டியின்மேல் வைத்திருந்தான். வெயில் மூங்கிலைத் தாண்டியது. மேளம் முழங்கியது.

புது எடுப்பு. அதை அடித்தவனே இப்போதுதான் முதல்முறை கேட்கிறான். மழைக்காலத்தின் முதல் துளிகள் வாழையிலையில் விழுகிற மாதிரி தொடங்கி, சட்டென்று கனத்து, எல்லாக் கூரையிலும் ஒன்றாகக் கொட்டியது. பெண்களின் கால் தரையைத் தொட்டதும் கூட்டத்துக்குள் ஒரு துடிப்பு ஓடியது. பின்வரிசையில் நின்றவர்கள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே குதித்தார்கள். துஞ்ஜாய்க்காரர்கள் தாங்களாகச் சேர்ந்துகொண்டார்கள். வரிசை ஆற்று வளைவுபோல ஒருபக்கம் போய் மறுபக்கம் திரும்பியது, திரும்பும்போதெல்லாம் பாதிப் போனாவின் நுனி தரையை விட்டு எழுந்து, யாரோ பிடித்திருக்கிற மாதிரி விறைப்பாக நின்றது. ஒருவர் அதை இன்னொருவருக்குக் காட்டினார். பார்த்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்கள்.

இரண்டாம் சுற்றின் நடுவில் பதிராமின் குரல் வந்தது, மேளத்திலிருந்து. "தங்கச்சி, இது எங்க ஊரு மரம். மாப்ளகிட்ட சொல்லி மேளத்த எனக்குக் குடுத்துரு." கூட்டம் மூச்சைப் பிடித்தது. திடலில் நின்ற பதிராம் கயிற்றை எடுத்து விரித்தார். மேளத்துக்குள்ளிருந்து சோமாரி சிரித்தாள். "மரம் உங்க ஊரு. கொண்டுவந்து விட்ட ஆறு யாரு ஊரு? போண்ணே, போய்க் கள்ளக் குடி, காலங்காத்தால வந்துட்ட." திடலே அதிரச் சிரித்தது. சேவலை இழந்தவர்களும் சிரித்தார்கள். பதிராம் கயிற்றைச் சுருட்டினார், சுருட்டும்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அவ அப்படித்தான் சொன்னா, எனக்குத்தான் வேற மாதிரி ஞாபகம்" என்றார். யாரோ ஒரு கிண்ணம் கள்ளை அவர் கையில் வைத்தார்கள். தங்கச்சி சொன்னபடி குடித்தார்.

மேளம் நிற்கவில்லை. மூன்றாம் சுற்றை எடுத்தது. சத்தம் ஏறிக்கொண்டே போக, பெண்கள் முகத்தில் வேர்வை பளபளக்க, வரிசை இதோ பறக்கப்போகிறது என்ற இடத்தில் ஒரு அடி பிந்தி விழுந்தது. ஒரு இமைப்பொழுதுதான். அத்தனை பேரின் காலும் அந்த அடிக்காகக் காற்றில் காத்திருந்து, பிறகு ஒருத்தியின் கால்மேல் ஒருத்தியின் காலாக இறங்கியது. பைசாகி முட்டிபோட்டு விழுந்தாள், அவள்மேல் அடுத்தவள், அவள்மேல் அடுத்தவள். பாதிப் போனா தரையில் சரிந்தது. கூட்டம் மறுபடி சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில் சோமாரி பேசினாள். சிரிப்பு அங்கேயே அறுந்தது. எல்லோரும் கேட்டார்கள், மரத்தின் மேல் இருந்தவர்களும் கேட்டார்கள்.

தாமி சாமியின் பெயர் வருகிறதா என்று காதைக் கொடுத்திருந்தார், வரவில்லை. நந்தலாலுக்கு ஜாத்ரியைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. பைசாகி தரையில் கிடந்தபடியே, "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று எல்லோரிடமும் சொன்னாள், அழுதுகொண்டும் முட்டியைத் தேய்த்துக்கொண்டும். ஹர்கமான் தலையாட்டினான். போன வருஷம் இதே பேச்சுக்கு இதே மாதிரி தலையாட்டியிருந்தான், கேட்காமல். இந்த முறை கேட்டு ஆட்டினான். பிறகு மேளத்தை மடியிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டினான். அது காலியாகி லேசாகியிருந்தது. மூன்றாம் சுற்றின் அந்த இடத்தைக் கையில் எடுத்தான். சத்தம் வரவில்லை. அவன் எண்ணவில்லை. திரும்பத் திரும்ப அடித்தான், உச்சிவெயில் வரும்வரை, கை வலிக்கும்வரை. பைசாகி எழுந்து அவன் எதிரே வந்து நின்று விரலைப் பார்த்தாள், ஒரு காலை எடுத்துவைத்தாள், தப்பாக வைத்தாள், திருத்தி வைத்தாள். மற்றவர்கள் அவள் கையைப் பிடித்தார்கள். ஆயிரம் பேர் சுற்றி நின்று, சத்தமே இல்லாத ஒரு மேளத்துக்குக் கத்திக் குதித்தார்கள்.

அடுத்த ஜாத்ரியில் அந்த இடம் சரியாக விழுந்தது. கூடவே போன வருஷத்துக் கூட்டத்தின் கூச்சலும் வந்ததால், ஆட வந்தவர்களைவிடச் சத்தம் இரண்டு மடங்காக இருந்தது. வரிசையின் முதல் இடத்தை இன்றுவரை காலியாகத்தான் விடுகிறார்கள். போனாவின் நுனி அங்கே எழுந்து நிற்கிறது, கால் மட்டும் யாருக்கும் தடுக்குவதில்லை. ஹர்கமான் காலையில் பன்றிக்குத் தவிடு வைக்கிறான், மேளத்தை அனலில் காட்டுகிறான், அடிக்கிறான். உப்பை ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டான். அன்று வராதவர்கள் சோமாரி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்பார்கள், ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். மேளத்திலிருந்து வந்தது இதுதான்:

"இந்தாய்யா, அந்த எடத்துல எனக்கே கால் தடுக்குது. திருப்பி அடி. நான் காலக் கழுவிட்டு வந்துர்றேன்."